ராசி என்றொரு பெயர்

யூதக் கல்யாணச் சடங்கின் கடைசியில் மாப்பிள்ளையின் காலடியில் கண்ணாடி டம்ளர் நொறுங்கியதும் மண்டபமே ஒரே குரலில் "மஸால் தோவ்!" என்று கத்தும். உள்ளே சமையல்கட்டில் மஸால் ஸன்சூரி, மீன் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வர்றேன், வர்றேன், காது நல்லாத்தான் கேக்குது" என்பாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் இதே வேடிக்கைதான். தட்டு கழுவுகிறவனிலிருந்து மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் சிரித்துவிடுவோம். சிரிக்காவிட்டால் இன்னும் சத்தமாக மறுபடி சொல்வாள்.

இஸ்ரவேலில் நெத்தன்யா ஊரின் தொழிற்பேட்டையில், டயர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கல்யாண மண்டபம். நான் அங்கே பூ அலங்காரம் செய்கிறவள். மஸாலுக்கு நான் வெறும் 'பூக்காரி'. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "உம் பேர்ல ருசியே இல்லடி" என்று காரணத்தையும் ஒருநாள் சொல்லிவிட்டாள். குழம்பைப் போலவே பெயரையும் ருசி பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வாள். பரிமாற வருகிற பெண்களில் ஒருத்திக்கு ஷாஹர் என்று பெயர், விடியல் என்று அர்த்தம். "விடியலாம் விடியல்! மத்தியானம் பன்னெண்டுக்கு முன்னாடி என்னைக்காவது எந்திரிச்சிருக்கியாடி?" என்று அவளை மஸால் வாரும்போது அந்தப் பெண்ணே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மஸாலுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் ஒரு கண்ணாடி, இரண்டும் இருக்கும்போதே மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். சிவக்கச் சிவக்கக் கொதிக்கும் ஹ்ரைமி மீன் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். கரண்டி பொய் சொல்லுமாம். யாரிடம் பேசினாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் 'கபாரா' வந்துவிடும். உனக்கு வருகிற கேடு எனக்கு வரட்டும் என்பது அந்தச் சொல்லின் பொருள். காய் கொண்டுவருகிறவனுக்கும் கபாரா, மணப்பெண்ணுக்கும் கபாரா, தன் அடுப்புக்கும்கூடக் கபாரா. கடல் தாண்டித் திரிப்போலியிலிருந்து குடியேறிய எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, யாரும் அர்த்தத்தை நினைத்துச் சொல்வதில்லை.

மஸால் என்றால் ராசி. பழைய நூல்களில் வானத்தில் நட்சத்திரம் நிற்கிற இடத்துக்கு அந்தப் பெயர். பன்னிரண்டு ராசிகளுக்கும் அதுவேதான் சொல். நட்சத்திரம் நல்ல இடத்தில் நின்றால் கீழே காரியம் நல்லபடி முடியும் என்று நம்பினார்கள், அப்படியே போகப் போகச் சொல் வானத்திலிருந்து இறங்கி, அதிர்ஷ்டம் என்ற அர்த்தத்தில் தெருவில் நடமாட ஆரம்பித்துவிட்டது. 'மஸால் தோவ்' என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துவதெல்லாம் 'ராசி நல்லதாக அமையட்டும்' என்பதுதான். கத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு நட்சத்திரம் ஞாபகத்திலேயே இல்லை.

திரிப்போலியில் இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் இந்தப் பெயர் வீட்டுக்குள் மஸால், தெருவில் ஃபோர்த்தூனா, இத்தாலி மொழியில் அதே அர்த்தம். பெண் பிறந்த வீட்டில் யோசிக்காமல் வைக்கிற பெயர் அது. இங்கே வந்த பிறகும் அப்படித்தான். "எங்க வகுப்புல மட்டும் நாலு மஸால். நெட்டை மஸால், குட்டை மஸால், வாயாடி மஸால், அழுகுணி மஸால்" என்பாள். "நீ வாயாடிதானே?" என்று கேட்டேன். "நான் அழுகுணிடி. நம்ப மாட்டே."

இன்றைக்கு எந்த மழலைப் பள்ளி வாசலில் நின்று மஸால் என்று கூப்பிட்டாலும் ஒரு குழந்தைகூடத் திரும்பாது. நோகா திரும்பும், ரோமி திரும்பும், அல்மா திரும்பும். அவள் வயதுக்காரிகளே பெயரைச் சுருக்கி மஸி என்றும் மாலி என்றும் ஆக்கிக்கொண்டு தப்பித்துவிட்டார்கள். "அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வேணும், பேரு மட்டும் வேண்டாமாம்" என்று சொல்லிச் சிரிப்பாள். லாட்டரிக் கடைக்காரன் மட்டும் அவளைக் கண்டால் எழுந்து நிற்பான். மண்டபத்துக்கு வருகிற மணப்பெண்கள் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து அவள் கையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். "மீன் வாசனை ஒட்டிக்கும் கபாரா, மாப்பிள்ளை ஓடிருவான்" என்பாள், ஆனால் கையை நீட்டிக்கொண்டேதான் சொல்வாள்.

இந்தப் பெயர் அவளை ஒரு மாதம் பாடாய்ப் படுத்தியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மகன் எலாடுக்கு முதல் குழந்தை, பெண். எங்கள் வழக்கத்தில் மகனின் முதல் பெண்ணுக்கு அவன் அம்மாவின் பெயர், அதுவும் அவள் உயிரோடு இருக்கும்போதே. அதைவிடப் பெரிய மரியாதை எங்களில் கிடையாது. மஸாலும் அப்படித்தான் தன் அப்பாவின் அம்மா உயிரோடு இருக்கையிலேயே அவள் பெயரை வாங்கியவள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்பா, சின்னஞ்சிறுசுங்க இஷ்டம்" என்று காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவே இல்லை.

ஒருநாள் குழந்தையைப் பார்க்கச் சூப் எடுத்துக்கொண்டு போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மருமகள் இன்பலிடம் அவள் அம்மா ஹெத்வா சொன்னது காதில் விழுந்திருக்கிறது. "எந்தப் பேரு வேணும்னாலும் வை. மஸால் மட்டும் வேண்டாம்."

மறுநாள் மண்டபத்தில் டம்ளர் உடைந்தது, எல்லோரும் கத்தினார்கள், சமையல்கட்டிலிருந்து சத்தமே இல்லை. ஹ்ரைமியில் உப்புக் கரித்தது.

"அவங்க போலந்துலேர்ந்து வந்தவங்க. அந்தக் குடும்பங்கள்ல உயிரோட இருக்கறவங்க பேரை வைக்க மாட்டாங்க, தெரிஞ்சதுதானே?" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"பக்தி இருக்கறவங்க அப்படிச் சொன்னா சரி. இவ ஓய்வுநாள்னும் பாக்காம சனிக்கிழமை கார் ஓட்டுறவ. நோன்பு அன்னிக்கு வீட்டுல காபி போடறவ. இவளா கடவுளுக்குப் பயப்படுவா? எம் பேரு வெறும் சமையல்காரி பேருடி, பூக்காரி. அதான் விஷயம்."

ஹெத்வா க்ஃபார் சாபாவில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். எண்ணிப் பேசுகிறவள், சட்டைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பாள். மஸால் சொன்னதை நானும் நம்பிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெயர் வைக்கிற விருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் மண்டபத்தின் சின்னக் கூடத்தில். வேறு சமையல்காரரைப் போடலாம் என்று மேலாளர் சொன்னதற்கு, "எம் பேத்திக்கு வேற எவனாவது மீன் வைக்கிறதா?" என்று மஸால் எகிறினாள். நான் சமையல்கட்டில் பூக்களுக்குக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹெத்வா கையில் கேக்கோடு உள்ளே வந்தாள்.

"வாங்க சம்பந்தியம்மா. அங்க வைங்க" என்றாள் மஸால். மரியாதையாகப் பேசினால் அவளுக்குக் கோபம் என்று அர்த்தம்.

ஹெத்வா கேக்கை வைத்தாள். போகவில்லை. "உங்களுக்கு எம் மேல ஏதோ வருத்தம்."

"வருத்தமா? எனக்கா? எம் பேரு குழந்தைக்கு ஆகாதுன்னா ஆகாதுதான். அழகான பேரு ஆயிரம் இருக்கு."

ஹெத்வாவின் முகம் வெளுத்துவிட்டது. "கேட்டுட்டீங்களா? ஐயோ, அது அப்படி இல்ல. ஒரே வீட்டுல ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா... அவன் வர்றப்போ..."

"எவன்?"

"அவன்தான்." தோளுக்குப் பின்னால் மூன்று தடவை 'தூ தூ தூ' என்று துப்புகிற மாதிரி செய்தாள். "உயிரெடுக்க வர்றவன். அவனுக்கு முகம் தெரியாது, பேரு மட்டும்தான் தெரியும். குழப்பத்துல உங்களைக் கொண்டுபோயிட்டா?"

மஸால் கரண்டியை வைத்துவிட்டாள். "நீங்க கடவுளையே நம்பறதில்லையே!"

"கடவுளை நம்பல. இது வேற."

"அட, கபாரா..."

"அதைச் சொல்லாதீங்க!" ஹெத்வா கத்தியதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். "உனக்கு வர்றது எனக்கு வரட்டும், உனக்கு வர்றது எனக்கு வரட்டும்னு நாள் முழுக்கச் சொல்றீங்க. காய்காரனுக்கெல்லாம் சொல்றீங்க! மேல ஒருத்தன் காதுல விழுந்தா? எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல."

மஸால் வெங்காய மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அழுகுணிதான் என்று அப்போது நம்பினேன். "அப்போ எம் பேரு பிடிக்காம இல்லையா?"

"பிடிக்காம என்ன? என் பேரைப் பாருங்க. எங்க அத்தை ஃப்ரெய்டாவை யுத்தத்தப்போ, யூதப் பொண்ணுங்கறதுக்காகவே, போலந்துல கொன்னாங்க. ஃப்ரெய்டான்னா ஆனந்தம். அதையே மொழிமாத்தி ஹெத்வான்னு எனக்கு வெச்சாங்க. எங்க வீட்டுல எல்லாப் பேரும் செத்தவங்க கிட்டேர்ந்துதான் வரும். அவங்களுக்குப் பஞ்சமே இல்ல. உங்களுக்குப் பேரு குடுத்தவங்க உங்களை மடியில வெச்சுக் கொஞ்சியிருக்காங்க. அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

மஸால் எழுந்து, மீன் கையென்றும் பார்க்காமல், ஹெத்வாவின் கன்னத்தைப் பிடித்தாள். "எங்க ஆளுங்களுக்கு இது நேர்மாறுடி. பேரு வெச்சா ஆயுசு கூடும்பாங்க. எனக்குப் பேரு குடுத்த கிழவி அதுக்கப்புறம் முப்பது வருஷம் எல்லாரையும் அதட்டிக்கிட்டுக் கெடந்தா. ஆனா வேண்டாம், விடு. நீ பயந்து பயந்து கூப்பிடற பேரு குழந்தைக்கு எதுக்கு? போயி வேற பேரு சொல்லு. எனக்கு இப்போ மனசு நெறைஞ்சுடுச்சு." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

ஹெத்வா கன்னத்தில் ஒட்டிய மசாலாவைத் துடைக்காமலே வெளியே போனாள். கூடத்தின் மூலையில் மகளிடம் குனிந்து ஏதோ சொல்வதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இன்பல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், "நிஜமாவா?" என்று கேட்பது உதட்டசைவில் தெரிந்தது.

இன்பல் காதில் சொன்னதைக் கேட்டு எலாட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். பெயர் சூட்டுகிற வழக்கமான வாசகத்தைச் சொன்னான். "இஸ்ரவேலில் இவள் பெயர்... மஸால்."

எல்லோரும் "மஸால் தோவ்!" என்று கத்தினார்கள். பின்வரிசையில் காது மந்தமான ஒரு மாமா, "வாழ்த்து சரிப்பா, பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த மஸால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹெத்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுடி, மீன் பரிமாறணும்" என்று மஸால் இழுத்துப் பார்த்தாள். ஹெத்வா விடவில்லை. விருந்து முழுக்க மஸால் இடது கையாலேயே குழம்பை ஊற்றிச் சிந்திக்கொண்டிருந்தாள். ஹெத்வா பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பிடியைத் தளர்த்தாமல், வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் வருகிறவன் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.