யாரும் வாங்க வராத கைப்பிடி அரிசி

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவாகிறது. உறவினர்களே, சபையாரே, மெட்டுகுடா அக்கம்பக்கத்தாரே, இப்படிப்பட்ட கட்டுரையை வழக்கமாகக் கண்ணீரோடு எழுதுவார்கள். எனக்கோ சொல்லச் சொல்ல உற்சாகம்தான் பொங்குகிறது. அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்தில். அங்கே பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். மாதம் ஒருமுறை சபையிலிருந்து ஆள் வந்து அந்தக் காணிக்கையை வாங்கிப் போவார். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு செகந்திராபாத் மெட்டுகுடா குவார்ட்டர்ஸுக்கு வந்ததும், அம்மா ஒரு பிஸ்கட் டின்னைத் தேடிப் பிடித்து, முதல் நாளே பிடியரிசி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். இந்த ஊர்ச் சபையில் அப்படியொரு வழக்கமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. டின் நிரம்பியது. வாங்க ஒருவரும் வரவில்லை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். மாசக்கடைசியில் வீட்டு அரிசி தீர்ந்தபோது அந்த டின்னைத் திறக்கச் சொன்னதும் அதே அப்பாதான்.

“கர்த்தருக்குன்னு எடுத்து வச்சது. அத எப்படி நம்ம உலையில போடதுக்கு?” என்று அம்மா மறுத்துவிட்டார்கள்.

அந்த அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, பக்கத்து மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குத் துணையாகக் கிடந்தவர்களுக்கு ஊற்றினார்கள். ஆரம்பம் அவ்வளவுதான்.

தன் விசுவாசத்தைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய எண்ணம் கிடையாது. வீட்டு ஜெபக் கூட்டத்தில் தன் முறை வந்தால் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்துவிட்டு, டீ போட அடுக்களைக்கு ஓடிவிடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் இந்தியில் கேலி செய்வோம். நீளமாக ஜெபிக்கத் தனக்கு வராது, தன்னிடம் இருப்பது கொஞ்சூண்டு விசுவாசம்தான் என்பார்கள்.

அந்தக் கொஞ்சூண்டு சும்மா இருந்ததா? எதிர்வீட்டு லட்சுமி ஆன்ட்டி தெலுங்குக்காரர், எங்கள் சபையே அல்ல. அவரும் ஒரு டின் வைத்தார். அவரைப் பார்த்துத் தெருவே வைத்தது. மாதம் ஒருமுறை போன கஞ்சி வாரந்தோறும் போயிற்று, பிறகு தினமும் போயிற்று. கொரோனா ஊரடங்கில் பிழைக்க வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக நடந்தே ஊருக்குக் கிளம்பியபோது, தூரத்துப் பேட்டைகளான அல்வாலிலிருந்தும் சைனிக்புரியிலிருந்தும் அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. புதிதாகக் குடிவந்த ஐ.டி. பிள்ளைகள் அண்டா தூக்கினார்கள். யார் எந்த மதம் என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது.

“ஏட்டீ, நான் போன பொறவு கஞ்சி நிக்காம போவுமா?”

போகும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. அத்தனை பேரையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது அம்மா ஒருவர்தானே.

அடக்கத்தின் நாள் விடிந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால், இன்றைக்குக் கஞ்சி வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். எங்கள் சபையின் ஸ்டெல்லா ஆன்ட்டி, தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நக்கோம்மா, வேண்டாம், அப்படிச் சொல்லாத. நீ அம்மா பக்கத்துல உக்காந்து அழு. லட்சுமி வீட்டுல நாங்க காய்ச்சறோம். அங்க பசியோட காத்துனு இருக்காங்க.”

எதிர்வீட்டில் அடுப்பு மூண்டது. அம்மாவின் பெட்டி கல்லறைக்குப் புறப்படுமுன் கஞ்சி மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட்டது. அழுதுகொண்டிருந்த எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது என்றால் நம்புவீர்களா?

நோயில் அம்மாவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், ஜெபித்த சபைப் போதகர் ஐயருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அன்று அடுப்பு மூட்டியவர்களுக்கு நன்றி சொல்ல வந்தால், கரண்டியை என் கையில் கொடுத்து வேலை வாங்குகிறார்கள்.

அம்மா, அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இன்றைக்குத் தெரிந்தே சொல்கிறேன். கஞ்சி போகும்.

— மகள்