ரெண்டாவது துண்டு

எங்க அக்காவை ஊரே சிப்ஸ்காரம்மான்னு கூப்பிடும். இன்னைக்குக் கடைக்குக் கடை சரம் சரமா சிப்ஸ் பாக்கெட் தொங்குதே, எங்க பக்கத்துல அதை முதல்ல தொங்கவிட்டவ அவதான். அதுக்கு முன்னாடி கண்ணாடி ஜாடியில இருந்து அள்ளிக் கொடுப்பாங்க. மதியத்துக்குள்ள நமுத்துப் போகும். அக்கா தன் சமையலறையில உருளைக்கிழங்கைச் சீவி வறுத்து, பிளாஸ்டிக் பையில போட்டு, பை வாயை மெழுகுவத்தியில காட்டி ஒட்டினா. காத்தை அடைச்சு விக்கக் கிளம்பிட்டாளேன்னு கடைக்காரங்க சிரிச்சாங்க. வாரம் கழிச்சுப் பிரிச்சாலும் மொறுமொறுன்னு இருக்கவும் கப்சிப்னு ஆயிட்டாங்க. சமையலறை கொட்டகையாச்சு, கொட்டகை ஃபேக்டரியாச்சு. பேக்கிங் என் பொறுப்பு. மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், வேன்ல கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார்.

தினமும் முதல் ஈடு வறுத்து உப்புப் போட்டதும் அக்கா ஒரு துண்டை வாயில போடுவா. தட்டை மாமாகிட்ட நீட்டுவா. அந்த மனுஷன் வாய் என்னைக்குத் திங்காம சும்மா இருந்தது? கொஞ்ச நேரம் நின்னுட்டு அக்கா பாக்கெட் போடச் சொல்லுவா, இல்லேன்னா இன்னும் கொஞ்சம் உப்பைத் தூவுவா. உப்புப் பாக்குறதுல அவளை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு நான் ஊரெல்லாம் பீத்திக்குவேன்.

ஒருநாள் கடைசி மூட்டையை வேன்ல ஏத்திட்டு மாமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். அப்புறம் எழுந்திருக்கலை. அக்கா அழலை. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டா. சாப்பிடுன்னா சாப்பிட்டா, படுன்னா படுத்தா. கல்நெஞ்சக்காரின்னு ஒரு சொந்தக்காரி என் காதுபடச் சொன்னா. அவளை நான் உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். ஆனா அக்கா முகத்தைப் பாக்க எனக்கே பயமா இருந்தது.

ஃபேக்டரியைத் திரும்பத் திறந்த அன்னைக்கு அக்கா ஒரு துண்டை வாயில போட்டா. தட்டைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் பாக்கெட் போடச் சொன்னா. சாயங்காலம் கடைக்காரங்க வரிசையா போன் பண்ணித் திட்டினாங்க. பிரிச்சுப் பாத்தா ஒரே உப்பு. மறுநாள் போனது சப்புன்னு இருந்தது. பாதிக் கடைக்காரங்க இனி வேண்டாம்னுட்டாங்க. இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேத்த பேரு நாறிப்போச்சு.

அக்கா எண்ணெய்ச் சட்டியைத் தேய்ச்சுக்கிட்டே, மூடிடலாம்னா. கடைக்கு வழி சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு வந்ததே கோவம். உனக்கென்ன நாக்கு செத்துப்போச்சான்னு கத்திட்டேன்.

"அது எப்பவோ செத்துப்போச்சுடி. இந்த எண்ணெய்ப் புகையில நின்னு நின்னு எனக்கு உப்பே தெரியறதில்லை. அவர் கை ரெண்டாவது துண்டுக்குப் போகுதான்னு பாப்பேன். போனா பாக்கெட் போடலாம், போகலேன்னா உப்புப் பத்தலை. நான் எதைப் பாக்கறேன்னு அவருக்கே தெரியாது."

அடிப்பாவி, கூடவே இருந்தேனே, என்கிட்டகூடச் சொல்லலையேன்னு திட்டினேன். சட்டியை அவ கையில இருந்து பிடுங்கி அடுப்புல வச்சேன். ஒரே ஒரு ஈடு போடுன்னேன். போட்டா.

தட்டை நீட்டினா. ஒண்ணு எடுத்துத் தின்னேன். அவ கண்ணு என் கையிலயே இருந்தது. எடுத்துத் தொலைக்கலாம்னுதான் மனசு சொல்லுச்சு. ஆனா உப்புக் கம்மி, பொய் சொல்ல முடியலை. கையைக் கட்டிக்கிட்டேன். அக்கா உப்பைத் தூவிக் குலுக்கினா. மறுபடி நீட்டினா. ஒண்ணு தின்னேன், மாமாவை நினைச்சேன். குனிஞ்சு பாத்தா என் கையில இன்னொரு துண்டு இருக்கு. எப்ப எடுத்தேன்னே தெரியலை.

"போடுங்க பாக்கெட்டு"ன்னு அக்கா உள்ள வேலை பாக்குற பொண்ணுங்ககிட்டச் சொன்னா. மெஷின் ஓட ஆரம்பிச்சுது. அவ மட்டும் தட்டோட அங்கேயே நின்னா.

"அவர் மூணாவதும் எடுப்பாரு"ன்னா.

அப்பத்தான் அழுதா.