சீமைத் தண்ணீர்

மர்பி டவுன் முனிராஜுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கன்டோன்மென்ட்டில் பெரிய ஓட்டல் ஒன்றில் மேஜைக்குப் பரிமாறும் பேரராக இருந்தார். வைன் ஊற்றினால் கூடவே தண்ணீரும் வைப்பது அங்கே வழக்கம். பாட்டிலா, குழாயா என்று குனிந்து கேட்பது அவர் வேலை. பாட்டில் என்றால் சீமையிலிருந்து கப்பலில் வந்த பச்சைப் பாட்டில். குழாய் போதும் என்கிற விருந்தாளிமீது அவருக்கு மரியாதை ஒரு படி இறங்கிவிடும். கோட்டு போட்ட கஞ்சன் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். மனைவி ஜானகியும் கூடச் சிரிப்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கோடையில் அவர்களுடைய ஒரே மகள் சரளா டைபாய்டில் படுத்தாள். பிழைப்பாளா என்றிருந்த குழந்தை எப்படியோ தேறி, எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டது. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜானகி தெருக்குழாயில் பிடித்துவந்து, கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கொடுத்தாள்.

முனிராஜுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. என்னதான் கொதித்தாலும் தெருக்குழாய்த் தண்ணீர்தானே? மேஜையில் யாரும் தொடாமல் திரும்பி வந்த பச்சைப் பாட்டில்களைக் கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"தொரைங்க குடிக்கிற தண்ணி இது. அதக் கீழ ஊத்திட்டு இதக் குடு" என்றார்.

ஜானகி காய்ச்சிய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டாள். குழந்தைக்கு அந்தப் பச்சை நிறம் பிடித்துப்போய், பாட்டிலைக் கட்டிக்கொண்டு குடித்தது. கொஞ்ச நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை இறங்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன அன்று, மௌரீன் என்ற வாடிக்கைக்கார அம்மாள் வைனோடு பாட்டில் தண்ணீர் கேட்டார். எடுக்கப் போன முனிராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். ஸ்டோர் பார்க்கிற கோவிந்தப்பா, பச்சைப் பாட்டிலைக் குழாயடியில் பிடித்து நிரப்பி, மூடியை அழுத்திக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக இப்படி என்று முனிராஜ் கேட்டார்.

"சீமைச் சரக்கு போன தீபாவளியோட நின்னுபோச்சண்ணா. எல்லாம் கார்ப்பரேஷன் நீருதான். வைன் உள்ள போனவனுக்கு என்னா தெரியும்?"

கோவிந்தப்பாவை அடித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த மனிதருக்குச் சரளா என்று ஒரு குழந்தை இருந்ததே தெரியாது. பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்தது யார் கை? முனிராஜ் அதைத் தட்டில் வைத்து எடுத்துப் போனார். மௌரீன் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, தண்ணீர் என்றால் இதுதான் என்றார்.

ஜானகியிடம் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் காலிப் பாட்டில் கிடந்தது.

"கடைசில நல்ல தண்ணியாவது குடிச்சிட்டுப் போச்சு கொழந்த. அது உன்னாலதான்யா."

முனிராஜ் ஆமாம் என்று தலையாட்டினார். சாகிறவரைக்கும் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை.