அன்ரி கேட்ட நிழல்

எழுபதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்குக் குடிவந்து மூன்றாவது வருடம். லண்டனில் என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம் சரிவந்தது. இவ்வளவு தூரம் போகிறோம், திரும்பும்போது பிரான்சையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் சிவில் எஞ்சினியர். பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் அதைத் தட்டிப் பார்க்காமல் வரமாட்டார். கோயிலுக்குப் போனால் நான் சாமியைக் கும்பிடுவேன், அவர் தூணைத் தடவிக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அவுஸ்திரேலியப் பெண்மணி தனியாக இருந்தார். வயது எழுபதை நெருங்கியிருக்கும். நாங்கள் வந்த புதிதில் வேலிக்கு மேலால் எலுமிச்சம்பழம் தந்து பழகியவர். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை, அதனால் அன்ரி என்றேன். முதலில் சிரித்தார், பிறகு அதுவே பழகிவிட்டது. நாங்கள் பிரான்சுக்குப் போகப் போகிறோம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு வேலியருகே வந்தார்.

அவருடைய மூத்த அண்ணன் முதலாம் உலகப்போரில் அங்கே இறந்தாராம். வடக்கு பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்து மயானத்தில் அடக்கம். அப்போது அன்ரி பள்ளிக்கூடம் போகிற சிறுமி. தாய் தகப்பனோ கூடப்பிறந்தவர்களோ ஒருவராவது அந்த இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் ஒரு பண்ணைக் குடும்பம் கப்பலேறி அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமா? இப்போது அன்ரிக்கு முழங்கால் இடம் கொடுக்காது.

"பூ ஒன்றும் வைக்கவேண்டாம். அங்கே நிழல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அண்ணனுக்குச் செம்பட்டைத் தலைமுடி, பால் வெள்ளைத் தோல். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே மூக்கு உரிந்துவிடும். தாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வயலெல்லாம் அவர் பின்னால் ஓடுவாராம். மகன் போய்ச் சேர்ந்த பிறகும், கோடை வந்தால் அந்தத் தாய் ஜன்னலடியில் நின்று, அங்கே மரம் கிரம் இருக்குமோ என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவரும் கண்ணை மூடினார். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

"ஓம் அன்ரி, கட்டாயம் பாக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஓம் என்றால் என்னவென்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

நான் ஓம் என்றது என் கணவர் போய்ப் பார்ப்பார் என்ற நினைப்பில். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கமே கிடையாது. எங்கள் அப்பா இறந்தபோது நான் கல்யாணமாகாத பெண். பறைமேளம் முன்னே போக, ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் தலைவிரிகோலமாக, வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் முனை வரைக்கும் போய் நின்றுவிட்டோம். மேளச்சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போகும் மட்டும் நின்றேன். அப்பா கடைசியாகப் போன இடம் எப்படியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பற்றி யாரிடமும் பேசியதும் இல்லை.

சரி, கிராமத்துக்கு வருவோம். கல்யாணம் முடிந்து பிரான்சுக்கு வந்து, பக்கத்துப் பட்டினத்தில் தங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனோம். மறுநாள் எங்களுக்கு விமானம். அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், வயல்களுக்கு நடுவே கூம்புக் கோபுரத்துடன் ஒரு தேவாலயம், அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்ற வீடுகள், அவ்வளவுதான் ஊர். ஆனால் இவருக்கு அது போதும். தங்கிய இடத்தில் கொடுத்த வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றும் விடாமல் பார்க்கத் தொடங்கினார். எண்ணூறு வருடத்துப் பழைய தேவாலயம். பெரிய மரத்தூண்களில் கூரை மட்டும் நிற்கிற பழைய சந்தை. ஒரு பிரபுவின் கோட்டையில் மிஞ்சிய ஒற்றைக் கோபுரம்.

"இஞ்சை பாரும், ஆணி ஒண்டுகூட அடிக்காமல் இவ்வளவு பெரிய கூரையை நிப்பாட்டியிருக்கிறாங்கள்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். உடனே ஒரு படம் எடுப்பார்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீண்ட கல்தொட்டி இருந்தது. ஊர்ப் பெண்கள் முந்தி ஒன்றாக இருந்து துணி துவைத்த இடமாம், அதுவும் வரைபடத்தில் இருந்தது. எனக்குப் பார்க்க ஆசை. "உடுப்புத் தோய்க்கிற இடத்தைப் பாக்கவே பிரான்சுக்கு வந்தனாங்கள்?" என்று என்னை இழுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் போனார்.

அந்தக் கோபுரம்தான் வினையாகிப்போனது. உள்ளே தேய்ந்துபோன சுழல் படிகள். நான் வெளியே நின்றேன். இறங்கும்போது கால் பிசகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் வெளியே வந்தார். பிரான்சைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவருக்கு இப்போது நிஜமாகவே ஒற்றைக்கால். கணுக்கால் கொழுக்கட்டைபோல வீங்கிவிட்டது. எதிர்ப்பக்கத்துப் பேக்கரிக்காரி ஒரு கதிரையைத் தூக்கிவந்து நிழலில் போட்டு, ஈரத்துணி கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

மயானமோ ஊருக்கு வெளியே, வயல்வழியால் நடக்கவேண்டும். பின்னேரம் திரும்பும் பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.

"இனி நீர்தான் போகோணும்" என்றார்.

"நானோ? சுடலைக்கோ?"

"அன்ரிக்கு ஓம் எண்டது நீர்தானே?"

 கமராவைக் கழுத்தில் மாட்டிவிட்டார். கோபுரத்தையும் தூணையும் எடுத்துத் தள்ளியதில் ஃபிலிமில் ஒரே ஒரு படம்தான் மிச்சம். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், கை ஆடக்கூடாது என்று இரண்டு கட்டளைகள் தந்து அனுப்பினார்.

நல்ல வெயில். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு நடந்தேன். மயானத்தைச் சுற்றிச் செங்கல் மதில், முன்னால் ஓர் இரும்புக் கதவு. கதவுவரை போய்விட்டேன். அதற்குமேல் கால் நகரவில்லை. பயம் என்று சொல்லமுடியாது. ஒழுங்கை முனையில் நின்று பழகிய கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் வெள்ளைக் கற்கள் தெரிந்தன, எழுத்துத் தெரியவில்லை. இங்கிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது ஒரு பெண் பூவாளியுடன் வந்தாள். என் வயதுதான் இருக்கும், காலில் மண் ஒட்டிய ரப்பர் சப்பாத்து. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எனக்குக் கொக்கியைத் திறக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள் போலும். தானே கொக்கியைத் தூக்கி, கதவை அகலத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அசையவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிற ஒருத்திக்கு எங்கள் ஊர் வழக்கத்தை எந்தப் பாஷையில் விளக்குவது? மரியாதைக்கு வாசலைத் தாண்டினேன். வாழ்க்கையில் முதல்தடவை.

அன்ரியின் அண்ணன் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியாவிட்டாலும் அவுஸ்திரேலியா என்ற சொல் புரிந்தது. வெள்ளைக் கற்கள் வரிசையாக நின்ற பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். வரிசைக் கடைசியில் அந்தப் பெயர் இருந்தது. கீழே வயது இருபது என்று வெட்டியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மரம் இல்லை. மதிலோரம் ஒரு செடிவேலி, அதன் நிழல் அதன் காலடியோடு சரி. சுற்றிவர வெட்டவெளி. அந்தப் பிள்ளை அத்தனை வருடமும் கொதிக்கிற வெயிலிலேயே கிடந்திருக்கிறான். இதைத்தானா நான் போய்ச் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலில் அவனுக்காகத்தான் அழுதேன். பிறகு பார்த்தால் அப்பாவுக்காக அழுதுகொண்டிருக்கிறேன். ஒழுங்கை முனையில் நின்றபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அந்தப் பெண், அவன் என் சொந்தக்காரன் என்று நினைத்தாளோ என்னவோ, பூவாளியை என் கையில் தந்து, கல்லடியில் இருந்த பூஞ்செடியைக் காட்டினாள். எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது ஆண்பிள்ளைகள். அப்பாவுக்குச் சித்தப்பாவின் மகன்தான் எல்லாம் செய்தான். நான் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் அவனுக்கு, மிச்சம் அப்பாவுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பூவாளி காலியாகும்வரை ஊற்றினேன்.

பிறகு முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்து, கை ஆடாமல் அந்த ஒரு படத்தையும் எடுத்தேன்.

திரும்பும்போது அவளும் கூட வந்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த தன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வந்து ஏதாவது குடி என்று சைகை காட்டினாள்.  சுடலைக்குப் போய்வந்து கால் கழுவாமல் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது? சுற்றுமுற்றும் பார்த்தேன். எதிரே இவர் வேண்டாம் என்று விட்டுப்போன அந்தக் கல்தொட்டி. நேரே போய் இறங்கி, கால் கழுவி, முகம் கழுவி, தலையிலும் நீரைத் தெளித்துக்கொண்டேன். அவள் ஒருகணம் பார்த்துவிட்டு, தானும் வந்து பக்கத்தில் குந்தி, மண் ஒட்டிய கைகளைக் கழுவினாள். ஐஸ்போலத் தண்ணீர். உள்ளே போய் அவள் தந்த கோப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மெல்பேர்னுக்கு வந்து ஃபிலிமைக் கழுவக் கொடுத்தோம். கோபுரங்கள் எல்லாம் பளிச்சென்று வந்திருந்தன. என் படத்தில் கல் இருந்தது, பெயரும் தெரிந்தது, ஆனால் சேலைத் தலைப்புப் போட்ட ஒரு கரிய உருவம் கல்லின்மேல் விழுந்து கிடந்தது. என் நிழல்.

"இருந்த ஒரு படத்தையும் பழுதாக்கிப் போட்டீரே" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்ரிக்கு என்ன சொல்வது என்று விமானத்திலேயே முடிவெடுத்திருந்தேன். பெரிய மரம் ஒன்று நிற்கிறது, குளுகுளுவென்று இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். பொய்தான். யாருக்கு நட்டம்? ஆனால் அவருடைய குசினியில், சமையல் மேசைக்கு எதிரே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் படத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்தப் பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அப்போதைய என் ஆங்கிலமோ புத்தகத்து ஆங்கிலம். மரத்து நிழல் என்றாலும் ஆள் நிழல் என்றாலும் நமக்கு ஒரே நிழல்தானே? அவர்களுக்கு மரத்து நிழல் ஷேட், ஆள் நிழல் ஷடோ. அந்தப் பதற்றத்தில் சொல் மாறிவிட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள் அன்ரி, அங்கே ஷடோ இல்லை" என்றேன்.

அன்ரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கல்லின்மேல் கிடந்த அந்தக் கரிய உருவத்தை விரலால் மெல்லத் தடவினார்.

"இருக்கிறதே" என்றார்.

பிறகு, எவ்வளவு நேரம் அங்கே நின்றாய் என்று கேட்டார். கனநேரம் என்றேன். தொப்பி இல்லாமலா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தப் படம் அவர் வீட்டு முன்னறையில், குளிர்காயும் அடுப்புக்கு மேலிருந்த திட்டில், கண்ணாடிச் சட்டம் போட்டு, கடைசிவரை இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கோடைகாலத்தில் அன்ரியும் போய்ச் சேர்ந்தார். மயானத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு, "நீர் காருக்குள்ளையே இரும்" என்றார் இவர். நான் இறங்கிவிட்டேன். நெருப்பாகக் கொதித்த வெயில். எல்லோரும் மரத்தடியைத் தேடிப் போக, நான் குழியோரம் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து தோட்டத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன், அந்த வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை. அதற்குப் பிறகு யாருடைய இறுதிச்சடங்கு என்றாலும் நான் வாசலோடு நிற்பதில்லை. உள்ளே போய், என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் நிற்கிறேன்.