முப்பத்தொன்றாம் உறை

எங்கள் ஆய்வுக் கழகத்தின் வாசலில் எல்லாத் துறைகளும் ஒரே கூரையின்கீழ் இயங்குவதாக மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். கூரை ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. மழை பெய்தால் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒழுகும். வேதியியல் மூன்றாம் மாடியில், மருத்துவம் இரண்டாம் மாடியில், சமூகவியல் கீழே. மாடிக்கு மாடி மின்னஞ்சல் போகும், மனிதர்கள் போக மாட்டார்கள். நான் கீழ்மாடி. பதவியின் பெயர் ஆய்வு உதவியாளர், செய்த வேலை வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது.

கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரின் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் உடம்பில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வு. அதற்கு முடி போதும். பிடரிக்கு மேலே, தோலை ஒட்டி, ஒரு பென்சில் கனத்துக்கு வெட்ட வேண்டும். அங்கே பாகான் டாலாம் குடியிருப்பில் நாற்பது தமிழ்ப் பெண்களிடம் வாங்கி வரச் சொன்னார்கள். நானும் பெண், எனக்குத் தமிழ் தெரியும் என்பதுதான் என் தகுதி. மோட்டார் சைக்கிளைக் கடல் தாண்டும் ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு கத்தரிக்கோலும் உறைகளுமாகப் புறப்பட்டேன். முடி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் கழகத்தின் சின்னம் போட்ட நீலக் குடை ஒன்று இலவசம்.

குடையை எல்லோருக்கும் பிடித்தது. முடி கொடுக்கத்தான் யாரும் முன்வரவில்லை. செவ்வாய், வெள்ளி தலையில் கத்தரி வைக்கக் கூடாது என்றார்கள், சரி என்று மற்ற நாட்களில் போனேன். பிறகுதான் உண்மையான பயம் வெளியே வந்தது. முடியை வைத்து யாராவது செய்வினை செய்துவிட்டால்? படித்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது.

கோயில் மாதர் குழுவுக்குத் தலைவியாக ஓர் அக்கா இருந்தார். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. அந்த வட்டாரத்தில் அவர் தலையாட்டினால்தான் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். உறையில் பெயர் எழுதுவீர்களா என்று கேட்டார். எண் மட்டும்தான், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் எங்களிடம் இருக்கும் என்றேன். அந்தப் பட்டியலை என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. முடி வாங்கி முடித்ததும் என் கையாலேயே அழித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நிமிடம் யோசித்துச் சொன்னதில்லை. அவர் தலையைக் குனிய வேண்டும், என் வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் பயம் தெளிய, அத்தனை பேர் முன்னால் முதலில் என் முடியை வெட்டி ஓர் உறையில் போட்டேன். அதன் பிறகு அக்கா உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகள். இடுப்பைத் தாண்டும் பின்னல் அந்தப் பெண்ணுக்கு. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை என்று அக்கா அப்போதே என்னிடம் சொல்லியிருந்தார். கடைசியில் ஓர் ஆள் குறைந்தது. என் உறையை நான் வெளியே எடுக்கவில்லை. கணக்குக்கு நாற்பது சரியாக இருந்தது.

வரிசையாக எண் போட்டால் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், உறைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துத்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். கைக்கு வந்த உறையில் முடியைப் போட்டு, பட்டியலில் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்வேன். எனவே யாருக்கு எந்த எண் என்பது அந்த மூன்று தாள்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பிரிவுத் தலைவர், சோதனை முடிவு வரும்வரை பட்டியலை வைத்திருக்கலாமே என்று ஒரு முறை கேட்டார். நல்ல மனிதர், அதட்டிச் சொல்லத் தெரியாதவர். வாக்குக் கொடுத்துவிட்டேன், மாறினால் அந்த வட்டாரத்தில் இனி யாரும் நமக்குக் கதவு திறக்க மாட்டார்கள் என்று நான்தான் வாதாடினேன். முடி கொடுப்பவர்களின் ஒப்புதல் படிவத்தையும் அப்படியே மாற்றி எழுதினோம். தாள்களை இயந்திரத்தில் விட்டுத் துண்டு துண்டாக்கி, அழித்ததாக ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். அந்தத் துண்டுகளைப் போனில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். அவர் அதை எல்லோரிடமும் காட்டினாராம். எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாடியில் முடியைச் சோதிக்கும் இயந்திரம் பழுது. வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வர வேண்டும் என்றார்கள். வரும் வரும் என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. உறைகள் அலமாரியில் கிடந்தன, நான் வேறு ஆய்வுக்கு வேறு கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை வேதியியல் பிரிவில் வேலை செய்யும் சீனப் பெண் படியிறங்கிக் கீழ்மாடிக்கே வந்தாள். அதுவரை அவள் வந்ததில்லை. கையில் ஒரு தாள். முப்பத்தொன்பது உறைகளில் பயப்பட ஒன்றுமில்லை, முப்பத்தொன்றாம் உறையில் மட்டும் பாதரச அளவு எங்கேயோ போய் நிற்கிறது என்றாள். தப்பாக இருக்கும் என்று மூன்று முறை சோதித்தாளாம். மூன்று முறையும் அதேதான்.

இரண்டாம் மாடி டாக்டரைக் கூப்பிட்டோம். மீனிலிருந்து வந்திருக்கலாம், முகத்துக்குப் பூசும் கிரீமிலிருந்து வந்திருக்கலாம், ஆளைப் பார்த்து விசாரிக்காமல் சொல்ல முடியாது என்றார். பெரியவர்களுக்குக் கை நடுங்கும், மறதி வரும். ஆனால் அந்தப் பெண் கர்ப்பமானால் பாதிப்பு வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகும். பிறக்கும்போது ஒன்றும் தெரியாது, பிறகுதான் தெரியும். சத்தத்துக்குத் திரும்பாது, கழுத்து நிற்காது, அழுவதற்குக்கூடச் சோம்பிப் படுத்திருக்கும். இதைச் சொல்லிவிட்டு, யார் அந்தப் பெண், உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் கோப்பைத் திறந்து பட்டியலை அழித்ததாக என் கையெழுத்து இருந்த தாளை மேசையில் வைத்தார். குற்றம் சொல்ல வைக்கவில்லை, வேறு எதை எடுத்து வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. பல்துறை ஆய்வில் முதல் தடவையாக மூன்று மாடியும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் மூன்றாம் மாடிக்குப் போய் அந்த உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சோதித்தது போக நாலைந்து இழை மிச்சம் இருந்தது. கறுப்பு முடி. எல்லோருக்கும் கறுப்பு முடிதான். எண்ணெய் வாசனையாவது இருக்குமா என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். சோதனைக்கு முன் மருந்து விட்டுக் கழுவிவிடுவார்கள், வாசனை இருக்காது என்று அந்தச் சீனப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

ஒரே ஒரு வழியை அவள்தான் காட்டினாள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். நீளமுடி வைத்திருக்கும் பெண்ணின் பின்னலில் அந்தப் பழைய மாதம் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். மறுபடியும் ஒரு நீளக் கொத்து கிடைத்தால் கண்டுபிடித்துவிடலாம். அன்று மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். அந்த விவகாரத்தில் நம்பிக்கையோடு இருந்த நாள் அது ஒன்றுதான்.

மறுபடியும் முடி கேட்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கடிதம் போனது, கேள்வி வந்தது, பதில் போனது. மாதங்கள் ஓடின. இடையில் தைப்பூசமும் வந்து போனது. அனுமதி கிடைத்து நான் பாகான் டாலாமுக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தில் போகிறவர்கள் கையில் எங்கள் நீலக் குடைகள். முடி கொடுத்தவர்கள் யார் யார் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. இவர்களில் ஒருத்தி என்பதுவரை தெரிந்தது, அதற்கு மேல் தெரியவில்லை.

ஏழு பேர் வீடு மாறிப் போயிருந்தார்கள். மூன்று பேர் தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டிருந்தார்கள், தலையில் ஒரு விரல் முடிதான் முளைத்திருந்தது. பதினோரு பேர் கொடுத்தார்கள், அத்தனையும் சுத்தம். மற்றவர்கள் அக்கா என்ன சொல்கிறார் என்று காத்திருந்தார்கள்.

அக்கா வாசல் கேட்டைத் திறந்து உட்கார வைத்து, மைசூர்பாகு எடுத்து நீட்டினார். மகளுக்கு வயிற்றில் ஆறு மாதம். அந்தப் பெண் உள்ளே நின்றுகொண்டிருந்தாள், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டபடி. நான் வந்த விஷயத்தைச் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் இறுகியது. மாசமாக இருப்பவள் தலையில் கத்தரி வைக்கக் கூடாது, அவள் புருஷனே தாடி வழிப்பதில்லை, உனக்குத் தெரியாதா என்றார். எனக்குத் தெரியும். சரிக்கா, முடி வேண்டாம், அரசாங்க கிளினிக்கில் ரத்தமாவது சோதித்துப் பார்க்கலாம் என்றேன். ரத்தத்தில் பழைய கதை தெரியாது, கொஞ்ச நாள் கதைதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒன்றும் இல்லாததற்கு அதுவாவது கிடைக்கட்டும் என்று கெஞ்சினேன்.

“யாரு முடியில இருந்துச்சு?” என்று கேட்டார் அக்கா.

“தெரியலக்கா.”

“யாருக்கும் தெரியாதுன்னு நீதான சொன்ன. அத நம்பித்தான் நாப்பது பேரையும் ஒக்கார வெச்சேன். இப்ப நீயே வந்து யாருன்னு கேக்குற.”

நாற்பது இல்லை, முப்பத்தொன்பதுதான் என்று நான் திருத்தவில்லை.

“அஞ்சு வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. தெரியாத ஒண்ண கொண்டாந்து அவ காதுல போடாத தங்கச்சி. போய்ட்டு வாலா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் பயந்து போய்ச் சொன்னார். மைசூர்பாகை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நாள் மூன்றாம் மாடிக்குப் போய், நாற்பதில் ஓர் உறை என்னுடையது என்ற உண்மையை அந்தச் சீனப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. என் முடியும் நீளம்தான். அவளே ஒரு கொத்து வெட்டிக்கொண்டாள். முடிவு வரும்வரை எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் ஒரே வேண்டுதல்தான், அது என் முடியாக இருக்க வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை, இனிமேல் பெறும் வயசும் இல்லை. என்னுடையதாக இருந்தால் கை நடுங்கிவிட்டுப் போகிறது, எல்லாம் என்னோடு முடிந்துவிடும். நாலாம் நாள் அவள் போன் செய்தாள். ஒன்றுமில்லை, நீ சுத்தம், சந்தோஷமாக இரு என்றாள். ஃபெர்ரியில் மோட்டார் மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன்.

ஆய்வுக் கட்டுரை நல்ல சஞ்சிகையில் வெளிவந்தது. கீழே உதவியாளர் வரிசையில் என் பெயரும் இருந்தது. மற்றவற்றோடு பொருந்தாததால் சோதனை மாதிரி ஒன்று கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று நடுவில் ஒரு வரி. எங்கள் கழகத்தில் முப்பத்தொன்றாம் உறையைப் பற்றி எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான்.

பேரன் பிறந்த செய்தியை அக்காவே போனில் சொன்னார். வராமல் இருக்காதே என்றார். நான் மூன்று மாதம் தள்ளிப் போட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கூடத்தில் ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் துணித் தொட்டில். பக்கத்தில் ஜன்னல் கம்பியில் நீலக் குடை மாட்டியிருந்தது. மகள் குளித்துவிட்டு வந்து, ஈர முடியைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“தங்கமான பிள்ளலா,” என்றார் அக்கா, தொட்டிலை விரித்துக் காட்டி. “அழுறதே இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ள நாள் பூரா கத்துது. இவன் இருக்கிற எடமே தெரியல.”

பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தான். அழகான பிள்ளை. என் கையில் மோட்டார் சாவிக்கொத்து இருந்தது. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டால் போதும், திரும்புகிறானா இல்லையா என்று தெரிந்துவிடும். அத்தனை கதவையும் தட்டிச் சோதனை சோதனை என்று அலைந்தவள் நான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் துவட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சாவி சத்தம் போடாதபடி கைக்குள் இறுக்கிப் பிடித்து, கைப்பையில் வைத்து மூடினேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.