நிழலோடு வரைந்த விமானம்

போர்டுக்காரருக்குத் தன் கையின் மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடைப் பலகையில் அவர் ஒரு செருப்பை வரைந்தால் பார்ப்பவனுக்குக் காலை நுழைக்கத் தோன்றும். போர் வந்து கடைகள் மூடியதும் பலகை எழுதச் சொல்ல ஆளில்லை. அந்த நேரம் பார்த்து விமானப்படை அதிகாரியே வீடு தேடி வந்தால் மனுஷன் சொக்கிப் போகமாட்டாரா?

வேலை இதுதான். அசல் விமானங்களைக் கான்கிரீட் கொட்டகைக்குள் ஒளித்துவிட்டார்கள். எதிரியின் ஆளில்லா விமானம் மேலிருந்து படம் பிடித்து ஏமாறுவதற்கு, வெறுந்தரையில் ஒரு விமானம் வரைய வேண்டும். படைத்தளத்துக்குள் வரைந்தால் அசலுக்கு ஆபத்தாம். அதனால் போர்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மைதானத்தைக் காட்டினார்கள். விமானத்துக்குக் கான்கிரீட், மனிதர்களுக்கு ஓட்டுக் கூரை. இதற்குப் போர்த் தந்திரம் என்று பெயர்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறீங்களே," என்றாள் மனைவி. "குண்டு விழுந்தா நம்ம கொல்லையிலதானே விழும்?"

"மாட்டேன்னா உள்ள தள்ளிடுவாங்கடி."

"செய்யுங்க. கொஞ்சம் மோசமா செய்யுங்க."

அவள் பேச்சைக் கேட்டு நிழல் போடாமல் விட்டார். நிழல் இல்லாத விமானம் மேலிருந்து பார்த்தால் வெறும் படம். ஒரு வாரம் எதுவும் விழவில்லை.

பிறகு அதிகாரி, தங்கள் கேமரா வானத்திலிருந்து எடுத்த படத்தோடு வந்தார்.

"என்னய்யா இது, சின்னப் பிள்ளை கிறுக்கின மாதிரி இருக்கு? பெரிய கைன்னு சொன்னாங்களே."

சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். மிரட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கறுப்பைக் குழைத்து இறக்கைக்கும் வாலுக்கும் நிழல் போட்டார். சக்கரத்தைக்கூட விடவில்லை.

மறுநாள் மதியம் ஏவுகணை வந்தது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் மேல் சுவர் சரிந்தது. அவர் கடைத்தெருவில் இருந்தார். பாவி, தப்பிவிட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பினால் வாசலில் அதிகாரி. குரலில் வருத்தம் இருந்தது, சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா ஒண்ணு, அவங்களோட பெரிய ஏவுகணையை ஒரு டப்பா பெயின்டுல வீணாக்கிட்டீங்க. இனிமே சண்டையே இப்படித்தான். அதே மாதிரி இன்னொண்ணு வேணும்."

போர்டுக்காரர் மறுக்கவில்லை.

"போட்டுத் தரேன் சார். நிழலோடவே போட்டுத் தரேன். உங்க வீடு எந்தத் தெரு?"