அமுக்கினால் ஆர்டர்

ஹபீப் பாயின் வெப்சைட் வெளியான அன்று, காலை டீ நேரத்துக்குள் அவருடைய போன் சூடாகிவிட்டது. மெசேஜுக்கு மேல் மெசேஜ். அத்தனை பேருக்கும் மெரூன் நிறச் சரக்குத்தான் வேண்டுமாம். பாய் எனக்குப் பிரியாணி சொல்லிவிட்டார். ஆம்பூரில் பிரியாணி பெரிய விஷயமில்லை. பாய் வாங்கித் தருவது பெரிய விஷயம்.

பாய்க்குத் தோல் வியாபாரம். நான் ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வந்து, பஜாரில் மாடி அறை ஒன்றில் வெப்சைட் டிசைன் செய்துகொண்டிருந்தேன். பாயின் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கடைசி நேரத்தில் ரத்தாகி, மெரூன் தோல் குடோன் நிறையக் கிடந்தது. மழைக்காலம் வந்தால் பூஞ்சை பிடிக்கும். உள்ளூரில் அந்த நிறத்தை யாரும் சீண்டவில்லை. வெளியூர் வியாபாரிகள் கண்ணில் பட வேண்டும். அவர்கள் எல்லாம் பார்ப்பது போனில்தான்.

"இது போகலன்னா எனக்கு ரொம்ப பேஜார்மா" என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அப்போது மொபைல் டிசைனில் எனக்கு ஒரே கொள்கை: சின்னத் திரையில் அடைசல் கூடாது. 'விலை கேட்க' என்ற பட்டனையே தூக்கிவிட்டேன். தன் நம்பரைக் கொடுத்து உள்ளே வந்தவர் தோலின் படத்தைத் தொட்டால் போதும், 'இந்தச் சரக்கு வேண்டும்' என்று பாய்க்கு மெசேஜ் போய்விடும். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரியாணி வருவதற்குள் வசவு வந்தது. எவ்வளவு வேண்டும் என்று கேட்க, மெசேஜ் அனுப்பியவர்களைப் பாய் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். சென்னையில் பர்ஸ், பெல்ட் செய்யும் தனசேகர்தான் முதலில்.

"நான் எப்போ பாய் ஆர்டர் போட்டேன்? சும்மா தொறந்து பாத்தேன், அவ்ளோதான்."

"உன் நம்பர்லருந்து வந்துருக்கே தனசேகர்."

"இத்தினி வருஷமா பழகிட்டு, போகாத சரக்க என் தலையில கட்டப் பாக்குறீங்களா?"

அடுத்தவரும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவர் போனை எடுக்கவே இல்லை. பாயின் முகம் சுண்டிவிட்டது.

"இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க? சரக்கு போகலன்னாகூடப் பரவால்ல. ஏமாத்துறவன்னு பேர் வந்துடுச்சுன்னா அப்புறம் எந்தச் சரக்கும் போகாது."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோடிங்கை எத்தனை முறை பார்த்தும் ஒரு தப்பும் அகப்படவில்லை. "நீங்களே தொறந்து பாருங்க பாய்" என்று என் போனை அவர் கையில் திணித்தேன்.

படம் வந்தது. பாய் இடது கையில் போனைப் பிடித்து, வலது கட்டைவிரலை மெரூன் தோலின் மேல் வைத்து நன்றாக ஓர் அமுக்கு அமுக்கினார். மேஜையில் இருந்த அவருடைய போன் சிணுங்கியது. புது ஆர்டர், என் நம்பரிலிருந்து.

"ஏன் பாய் அமுக்குனீங்க?"

"அமுக்குனேனா?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

வயிறு வலிக்கச் சிரித்தேன். தோல் வியாபாரி தோலைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் அமுக்கி, மேல்பக்கம் சுருக்கம் விழுகிறதா, நிறம் வெளுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். முன்னால் இருப்பது கண்ணாடித் திரை என்றாலும் அந்த விரல் சும்மா இருக்காது.

பாய் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். "தப்பு நம்ம டிசைன் பொண்ணு மேல" என்று என்னைக் காட்டிக்கொடுக்கவும் தவறவில்லை. நான் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்து, படத்தை விட்டுத் தள்ளி, திரையின் அடியில் வைத்தேன். ஆனாலும் படத்தை எல்லோரும் அமுக்கத்தான் போகிறார்கள். அதனால் பாயை வெளிச்சம் விழும் வாசலில் நிறுத்தி, அவர் அதே தோலை அமுக்கிக் காட்டுவதைக் கிட்டத்தில் வீடியோ எடுத்தேன். நகம் வெட்டி, கை கழுவி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். சிக்னல் கம்மியாக இருந்தாலும் ஓடுகிற அளவுக்கு வீடியோவைச் சுருக்கினேன். இப்போது படத்தின் மேல் விரலை வைத்தால் தோல் அமுங்கும். விரலை எடுத்தால் பழையபடி நிமிரும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் டிசைனைக் காட்டுவதற்கு முன்னால், அந்தத் தொழில்காரரின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். பழகிய கையை நம்மால் மாற்ற முடியாது. அது போகிற இடத்தில், அது தேடுவதை வைத்துக் கொடுக்கலாம்.

சில நாள் கழித்து நான் பாயின் கடையில் இருந்தபோது தனசேகர் கூப்பிட்டார். இன்னொரு சண்டையோ என்று பாய் தயங்கித் தயங்கித்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், அந்த மெரூன அமுக்கிப் பாத்துட்டேன். நல்லாருக்கு. நாளைக்கு வர்றேன், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."